தாயின் நிர்ப்பீடனமும் தொடர் கருச்சிதைவும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில், சங்கத்தின் சுகநலக் குழுவைச் சேர்ந்த மூவர் சேர்ந்து ஆயத்தம் செய்து வாசித்த உரை)



நூற்றாண்டு விழாவில் பேசக் கிடைத்தால் பழைய கதை சொல்வதுதான் முறை. வலைப்பந்தாட்டப் போட்டியில் தோற்று அழுததையும், பரிசளிப்பு நாளுக்கு முதல்நாள் மழையில் பந்தல் சரிந்ததையும் மற்றவர்கள் எங்களைவிட நன்றாகச் சொல்லிவிட்டார்கள். நாங்கள் வேறொன்றைப் பற்றிப் பேச அனுமதி கேட்டோம். செயற்குழுவில் இரண்டு பேர், "விழா நாளில் இது வேண்டுமா?" என்றார்கள். ஒரு மூத்த அக்காதான், "விழா நாளில்தானே எல்லாரும் வருவார்கள், அன்றைக்கே சொல்லுங்கோ" என்று முடித்து வைத்தார்.

போன வருடம் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நாங்கள் நடத்திய சுகநலக் கூட்டங்களில், பெயர் எழுதாமல் கேள்வி போடுவதற்கென்று ஒரு பிஸ்கற் ரின்னை வாசலில் வைத்திருந்தோம். சீனி வருத்தம், பிறஷர், முழங்கால் நோ என்றுதான் கேட்பார்கள் என நினைத்தோம். அப்படியும் கேட்டிருந்தார்கள். ஆனால் ஒரு துண்டில் இப்படி இருந்தது: "எனக்கு மூன்று தரம் கரு தங்கவில்லை. என் உடம்பே பிள்ளையை அந்நியமாக நினைத்து வெளியே தள்ளுகிறதாம். இது உண்மையா? ஊசிக்குக் காசு சேர்க்கிறோம்."

அந்தத் தங்கை யாரென்று எங்களுக்குத் தெரியாது. இந்த உரை அவருக்கான பதில். எங்கள் மூவரில் ஒருத்தி மகப்பேற்று மருத்துவத்தில் வேலை செய்கிறவள், ஒருத்தி குருதி ஆய்வுகூடத்தில் இருந்து ஓய்வு பெற்றவள், மற்றவள் நான்கு கருக்களை இழந்தவள். யார் எவர் என்பது இன்றைக்குத் தேவையில்லை.

முதலில் இது எவ்வளவு பேருக்கு நடக்கிறது என்று பார்ப்போம். 2021 இல் லான்செற் மருத்துவ சஞ்சிகை வெளியிட்ட கட்டுரைத் தொடரின் கணக்குப்படி, உறுதி செய்யப்பட்ட கர்ப்பங்களில் ஏறக்குறைய 15 சதவீதம் சிதைந்து போகின்றன. உலகம் முழுவதும் வருடத்துக்கு 2 கோடியே 30 இலட்சம். நூறு பெண்களில் ஏறக்குறைய இருவருக்கு இரண்டு தடவை நடக்கிறது; ஆயிரம் பெண்களில் ஏழு பேருக்கு மூன்று தடவை அல்லது அதற்கு மேல். நம் சங்கத்தின் அங்கத்தவர் பட்டியலை எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வகுப்புக்கு இத்தனை பேர் என்று வரும். ஆனால் எந்த ஒன்றுகூடலிலாவது ஒருத்தி எழும்பி இதைச் சொல்லக் கேட்டிருக்கிறோமா?

சொல்லாமல் இருப்பதற்கு எங்கள் மொழியும் ஒரு காரணமோ என்று எங்களுக்குச் சந்தேகம். "தங்கேல்லை", "அழிஞ்சு போச்சு" என்று வீட்டுக்குள் குரலைத் தாழ்த்திச் சொல்வோம். கருச்சிதைவு என்பது தானாக நடப்பது. கருக்கலைப்பு என்பது செய்வது. இரண்டையும் ஒரே மூச்சில் மாறி மாறிப் பேசுகிறவர்கள் படித்தவர்களிலும் உண்டு. அதனால் இழந்தவளே குற்றம் செய்தவளைப்போல ஒதுங்கி நிற்கிறாள். எங்களில் ஒருத்தியை, சொந்த மச்சாளின் பிள்ளைக்கு 31 ஆம் நாள் துடக்குக் கழித்தபோது கூப்பிடவில்லை. "அவவுக்கு மனவருத்தமாயிருக்கும் எண்டு விட்டிட்டம்" என்றார் மாமி. மனவருத்தம் கூப்பிடாததால்தான் வந்தது.

இனி அந்தத் தங்கையின் கேள்விக்கு வருவோம். "உடம்பு பிள்ளையை அந்நியமாக நினைக்கிறது" என்ற கதை எங்கிருந்து வந்தது? அதற்கு ஒரு பெரிய விஞ்ஞானியே காரணம். உயிரியல் வகுப்பில் 'நிர்ப்பீடனம்' என்ற சொல்லை எழுத்துப்பிழை இல்லாமல் எழுதுவதற்கு நாங்கள் பட்ட பாடு நினைவிருக்கும். அந்தத் துறையில் 1960 இல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர் பீற்றர் மெடவார். 1953 இல் அவர் ஒரு கேள்வி கேட்டார். கணவனின் தோலில் ஒரு துண்டை எடுத்து மனைவியின் கையில் ஒட்டினால், அவள் உடம்பு அதை அந்நியமென்று கண்டு அழித்துவிடும். ஆனால் பாதி கணவனுடையதான ஒரு பிள்ளையை ஒன்பது மாதம் அதே உடம்பு எப்படித் தாங்குகிறது?

அவரே மூன்று ஊகங்களும் சொன்னார். தாயையும் சேயையும் ஒரு சுவர் பிரிக்கிறது. சேயின் அடையாளங்கள் இன்னும் முற்றவில்லை. அல்லது கர்ப்ப காலத்தில் தாயின் நிர்ப்பீடனம் உறங்குகிறது. பின்வந்த ஆராய்ச்சிகள் மூன்றையுமே பெரும்பாலும் கைவிட்டன. உறங்கவில்லை என்பதற்கு ஆய்வுகூடம் வேண்டாம். கர்ப்பிணிக்கு நம் நாட்டுக் கிளினிக்குகளில் ஏற்புவலிக்கு எதிரான ஊசி போடுகிறோம். தாயின் உடம்பு பிறபொருளெதிரிகளை உண்டாக்கி அதைப் பிள்ளைக்கும் கொடுக்கிறது. உறங்குகிற நிர்ப்பீடனம் அந்த வேலையைச் செய்யுமா? சுவரும் அப்படித்தான்: பிள்ளையின் கலங்கள் தாயின் குருதிக்குள் வருகின்றன. ஆண்பிள்ளை பெற்ற ஒரு தாயின் குருதியில் 27 வருடங்களுக்குப் பிறகும் அந்தப் பிள்ளையின் கலங்கள் இருந்ததை 1996 இல் கண்டார்கள். பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனியே இருக்கும் அக்காமாருக்கு இந்தச் செய்தி பிடிக்கும் என்று நினைக்கிறோம்.

அப்படியானால் நடப்பது என்ன? தாயின் உடம்போடு உரசிக்கொண்டு இருப்பது பிள்ளையல்ல, சூல்வித்தகம். எங்கள் அம்மம்மாமார் இளங்கொடி என்றார்கள். கருப்பைச் சுவருக்குள் ஊடுருவிப் போகும் அதன் கலங்கள், மற்றக் கலங்கள் எல்லாம் காட்டுகிற வழமையான அடையாள அட்டையைக் காட்டுவதில்லை. அதற்குப் பதிலாக வேறு சில அட்டைகளைக் காட்டுகின்றன. அவற்றில் ஒன்றில் தகப்பனின் அடையாளமும் உண்டு. தாயின் நிர்ப்பீடனக் கலங்கள் அவற்றை வாசித்துப் பார்த்து வழி விடுகின்றன. காலி வீதியிலும் ஜெம்பட்டா வீதியிலும் சோதனைச் சாவடிகளைக் கடந்து பள்ளிக்கூடம் போன தலைமுறைக்கு இதை மேலும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஒரு வித்தியாசம்: இங்கே சாவடியில் நிற்பவர் அட்டையைப் பார்த்தபின் வீதியையும் செப்பனிட்டுக் கொடுக்கிறார்.

அப்படிச் செப்பனிடுகிறவைக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் 'இயற்கைக் கொல்லிக் கலங்கள்'. இந்தப் பெயரால் வந்த கேடு கொஞ்சமல்ல. கர்ப்பத்தின் முதல் மாதங்களில் கருப்பை உட்சுவரிலுள்ள வெண்குருதிக் கலங்களில் ஏறக்குறைய 70 சதவீதம் இவைதான். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஆஷ்லி மொஃபெற் போன்றோர் பல்லாண்டு உழைத்துக் காட்டியதென்ன? இவை பிள்ளையைக் கொல்ல நிற்பவையல்ல. தாயின் குருதிக் குழாய்களை அகலப்படுத்தி இளங்கொடிக்குக் குருதி தாராளமாக வர உதவுபவை. கையில் குருதி எடுத்து "உங்களுக்குக் கொல்லிக் கலங்கள் கூட" என்று சொல்கிற பரிசோதனை ஒன்று உண்டு. குருதியில் ஓடும் கலங்களும் கருப்பையில் இருப்பவையும் குணத்தில் வேறானவை. ஒன்றை எண்ணி மற்றதைப் பற்றிச் சொல்ல முடியாது. ஆய்வுகூடத்தில் இருந்தவள் இதைச் சற்றுக் கோபத்தோடுதான் சொல்கிறாள்.

ஆகவே, தங்கையே, உங்கள் உடம்பு பிள்ளையை வெறுக்கவில்லை. ஆனால் நிர்ப்பீடனத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையென்று சொன்னால் அதுவும் பொய். ஒரு வழியில் சம்பந்தம் உண்டு. அது நிரூபிக்கப்பட்டது, பரிசோதிக்கக்கூடியது, மருந்தும் உள்ளது. எங்கள் உரையில் ஒன்றை மட்டும் குறித்துக்கொள்வதானால் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அதன் பெயர் அன்ரிபொஸ்போலிப்பிட் சின்ட்ரோம். 1983 இல் லண்டனில் கிரஹாம் ஹியூஸ் என்ற மருத்துவர் விவரித்ததால் ஹியூஸ் சின்ட்ரோம் என்றும் சொல்வார்கள். சிலருடைய உடம்பு, தன் சொந்தக் கலச்சுவர்க் கொழுப்போடு ஒட்டியிருக்கும் புரதங்களுக்கு எதிராகவே பிறபொருளெதிரிகளை உண்டாக்கிவிடுகிறது. குறி வைப்பது பிள்ளையையோ கணவனின் பங்கையோ அல்ல, தன்னையே. கர்ப்பமில்லாத காலத்தில் இவை காலில் குருதிக்கட்டியாகவோ, இளவயதிலேயே பாரிசவாதமாகவோ வெளிப்படலாம். பல பெண்களில் எதுவுமே தெரியாது. கர்ப்பம் வந்ததும் இளங்கொடியின் கலங்களைத் தாக்கி, அது வேர்விடுவதைக் குழப்புகின்றன. குருதிக்கட்டிதான் காரணம் என்று முன்பு நினைத்தார்கள். இப்போது அழற்சியும் இளங்கொடிக் கலங்களுக்கு நேரடியாக நேரும் சேதமும் பெரிய பங்கென்று தெரிகிறது. தொடர்ந்து கருவிழக்கும் பெண்களில் ஏறக்குறைய 15 சதவீதமானோரிடம் இந்தப் பிறபொருளெதிரிகள் காணப்படுகின்றன.

பள்ளியில் பிரித்தானிய அரசர் பட்டியலை மனனம் செய்த அக்காமாருக்கு ஆன் அரசியை நினைவிருக்கும். 17 கர்ப்பங்கள், தப்பிய ஒரேயொரு மகனும் 11 வயதில் 1700 இல் இறந்து போனான். அவருக்கு இருந்தது இந்த நோய்தானோ என்று மருத்துவர்கள் சிலர் இன்றும் ஊகிக்கிறார்கள். ஊகம்தான். ஆனாலும் அரண்மனையிலும் "ராசியில்லை" என்று யாரோ சொல்லியிருப்பார்கள் என்பதில் எங்களுக்கு ஐயமில்லை.

பரிசோதனை மூன்று: லூப்பஸ் அன்ரிகோகுலன்ற், அன்ரிகார்டியோலிப்பின், அன்ரி பீற்றா-2 கிளைக்கோபுரோட்டீன்-1. முதலாவதின் பெயரைப் பார்த்து லூப்பஸ் நோய் வந்துவிட்டதென்று பயப்படவேண்டாம். அது கண்ணாடிக் குழாய்க்குள் குருதி உறைவதைத் தாமதிக்கும், உடம்புக்குள் உறையத் தூண்டும். பெயர் வைத்ததில் இதுவும் ஒரு குளறுபடி. கவனிக்கவேண்டியது, இந்தப் பரிசோதனையை 12 கிழமைகளுக்குக் குறையாத இடைவெளி விட்டு இரண்டு தரம் செய்யவேண்டும். சாதாரணக் காய்ச்சல், தொற்று வந்தாலும் இவை தற்காலிகமாகத் தோன்றி மறையும். ஒரே தரம் செய்து "உண்டு" என்றோ "இல்லை" என்றோ முடிவுகட்டப்பட்ட தாள்களோடு எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள்.

யார் செய்யவேண்டும்? பத்துக் கிழமைக்கு முன் மூன்று தரம் இழந்தவர்கள். பத்துக் கிழமைக்குப் பின், உருவில் குறையில்லாத பிள்ளையை ஒரு தரமாவது இழந்தவர்கள். கடும் பிறஷராலோ இளங்கொடி போதாமையாலோ 34 கிழமைக்கு முன் பெற்றவர்கள். ஐரோப்பிய வழிகாட்டலில் இப்போது இரண்டு இழப்பு ஆனாலே தேடத் தொடங்கலாம் என்கிறார்கள். எங்களில் ஒருத்திக்கு இந்தப் பரிசோதனையை யாரும் சொல்லவில்லை. மூன்றாவதற்குப் பிறகும் "வயதிருக்கிறது, திரும்பப் பாருங்கள்" என்றுதான் சொன்னார்கள். நான்காவது போனபின் தற்செயலாக வேறொரு மருத்துவர் செய்வித்தார். இரண்டு தரமும் இருந்தது. அவளுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். மூத்தவள் நம் கல்லூரியில்தான் படித்தாள்.

மருந்து என்ன? குறைந்த அளவு அஸ்பிரின் குளிசை, அதோடு தோலுக்குக் கீழே போடும் ஹெப்பரின் ஊசி. 1997 இல் லண்டன் சென் மேரிஸ் மருத்துவமனையில் இந்த நோயுள்ள 90 பெண்களை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். அஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களில் 42 சதவீதம் பேர் உயிருள்ள பிள்ளை பெற்றார்கள். இரண்டும் எடுத்தவர்களில் 71 சதவீதம். சிறிய ஆய்வுதான், பின்வந்தவை எல்லாம் இவ்வளவு பெரிய வித்தியாசத்தைக் காட்டவில்லை. ஆனாலும் உலகமெங்கும் இன்றைய சிகிச்சை இதுவே. தினமும் தன் வயிற்றில் தானே ஊசி போட்டுக்கொள்வது லேசல்ல. எங்களவள் முதல் கிழமை முழுவதும் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு அழுததாகச் சொல்கிறாள். பிறகு பல்துலக்குவது போல ஆகிவிட்டதாம்.

ஒரு எச்சரிக்கை. இந்த மருந்து நல்லதென்று கேட்டவுடன், பரிசோதனை இல்லாமலே எல்லோருக்கும் எழுதுவதும், பாமசியில் தாமே வாங்கி எடுப்பதும் நடக்கிறது. காரணம் தெரியாமல் கருவிழந்த பெண்களுக்கு அஸ்பிரினும் ஹெப்பரினும் கொடுத்து நெதர்லாந்தில் செய்த ஆய்வு 2010 இல் வெளியானது. பயன் எதுவும் இல்லை. கண்டல்களும் ஊசிச் செலவும்தான் மிச்சம்.

இனி, துண்டில் இருந்த கடைசி வரி: "ஊசிக்குக் காசு சேர்க்கிறோம்." எந்த ஊசியென்று அவர் எழுதவில்லை. நாங்கள் கேள்விப்பட்டவற்றைச் சொல்கிறோம்.

கணவனின் குருதியிலிருந்து வெண்கலங்களைப் பிரித்து மனைவிக்கு ஏற்றுவது ஒன்று. மனைவியின் உடம்புக்குக் கணவனைப் 'பழக்குவது' என்று விளக்கம் சொல்வார்கள். கேட்கும்போது நியாயமாகத்தான் படும். 1985 இல் வந்த ஒரு ஆய்வு நம்பிக்கையும் கொடுத்தது. ஆனால் 1999 இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் பெரிய அளவில் செய்து பார்த்தபோது, கர்ப்பமானவர்களில் கணவனின் கலங்களைப் பெற்றவர்களில் 46 சதவீதமும், வெறும் உப்புநீர் ஏற்றப்பட்டவர்களில் 65 சதவீதமும் வெற்றி கண்டார்கள். உப்புநீர்தான் மேல்! 2002 இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஆராய்ச்சி அனுமதி இல்லாமல் இதைச் செய்யக்கூடாதென்று தடுத்தது. அப்படியிருந்தும் தாலிக்கொடியை அடகு வைத்து, விமானச்சீட்டும் எடுத்து, கடல் கடந்து போய் இதைச் செய்துகொண்டு வந்தவர்களை எங்களுக்குத் தெரியும். அவர்களில் எவரையும் நாங்கள் குறை சொல்லமாட்டோம். பிள்ளை வேண்டுமென்ற ஏக்கத்தில் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் செவ்வாய்க்கிழமை தவறாமல் போன சைவப் பெண்கள் நாங்கள். அந்தோனியார் பற்றுச்சீட்டுத் தரவில்லை என்பதுதான் வித்தியாசம்.

பிரெட்னிசொலோன் போன்ற ஸ்டெரொயிட் குளிசை இன்னொன்று. 1997 இல் கனடாவில் அஸ்பிரினோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். பிள்ளை தங்குவது கூடவில்லை. குறைமாதப் பிறப்புக் கூடியது. குருதி நாளத்தில் ஏற்றும் இம்யூனோகுளோபுலின் மிக விலை கூடியது. நான்கு தரமோ அதற்கு மேலோ காரணமில்லாமல் இழந்தவர்களுக்கு, கர்ப்பத்தின் மிக ஆரம்பத்தில் கூடிய அளவில் கொடுத்தால் உதவக்கூடும் என்று 2022 இல் திருத்திய ஐரோப்பிய வழிகாட்டல் ஒரு சின்னக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. மற்றவர்களுக்கு அல்ல. தைரொயிட்டுக்கு எதிரான பிறபொருளெதிரி இருந்து, சுரப்பி ஒழுங்காக வேலை செய்கிறதென்றால் தைரொக்சின் குளிசை பலனில்லை என்பதும் 2019 இல் தெளிவாகிவிட்டது. சுரப்பியே குறைவாக வேலை செய்தால் கதை வேறு, கட்டாயம் எடுக்கவேண்டும்.

புரொஜெஸ்தரோன் பற்றிக் கேட்பீர்கள். பேமிங்ஹாமில் இந்த ஆய்வுகளை நடத்துகிறவரின் பெயர் அரி குமாரசாமி; பெயரைக் கேட்டதும் முன்வரிசையில் சிலர் நிமிர்ந்து இருப்பது தெரிகிறது. காரணமில்லாமல் தொடர்ந்து இழந்த 836 பெண்களில் செய்த 2015 ஆய்வில் அது பெரிதாக உதவவில்லை. ஆனால் 2019 இல், கர்ப்ப ஆரம்பத்தில் குருதி கண்ட 4,000க்கும் மேற்பட்ட பெண்களைப் பார்த்தபோது, முன்னர் மூன்று தரமோ அதற்கு மேலோ இழந்திருந்தவர்களில் அது எடுத்தவர்களில் 72 சதவீதமும் எடுக்காதவர்களில் 57 சதவீதமும் பிள்ளை பெற்றார்கள். ஆகவே முன்பு இழந்தவருக்கு இம்முறை குருதி கண்டால், அன்றைக்கே மருத்துவரிடம் இதைக் கேளுங்கள்.

இன்னுமொன்று. ஆரம்ப மாதங்களில் சிதையும் கருக்களில் ஏறக்குறைய பாதியில் நிறமூர்த்தங்களின் எண்ணிக்கையே பிழையாக இருக்கும். அங்கே தாயின் நிர்ப்பீடனத்துக்கு எந்த வேலையும் இல்லை. படி ஏறியதும், அன்னாசி தின்றதும், கண்ணூறும் காரணமில்லை. சில தம்பதிகளில் கணவனின் நிறமூர்த்த ஒழுங்கிலேயே மாற்றம் இருக்கலாம். எனவே கிளினிக்குக்குப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். வாசலில் காரில் இருக்க விடாதீர்கள்.

நம் சங்கம் பிறந்த அந்த ஆண்டுகளில்தான், 1926 இல், இந்த நாட்டின் முதலாவது சுகாதாரப் பிரிவு களுத்துறையில் தொடங்கியது. வீடு தேடி வருகிற குடும்ப நல உத்தியோகத்தர் என்ற ஏற்பாடு அதிலிருந்து வளர்ந்தது. எங்கள் தாய்மார் 'மிட்வைவ் மிஸ்' என்று அழைத்தவர்கள் இவர்களைத்தான். அவர் பதிவேட்டைத் திறந்து "இதற்கு முதல் கர்ப்பம் ஏதும் இருந்ததா?" என்று கேட்கும்போது, பக்கத்தில் மாமி நிற்கிறார் என்பதற்காக "இல்லை" என்று சொல்லிவிடுகிறோம். அந்த "இல்லை"யால் பதிவேட்டில் இவர் முதற் கர்ப்பக்காரி ஆகிவிடுகிறார். பரிசோதனைக்கு அனுப்பவேண்டியவரை யாரும் அனுப்புவதில்லை. லண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேர்ணிலும் இருக்கும் நம் தங்கைமாரும் இதைச் செய்கிறார்கள். அங்கே பக்கத்தில் நிற்பது மொழிபெயர்க்க வந்த சொந்தக்காரராக இருக்கும். தனியே பேசவேண்டும் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. எத்தனை கிழமையில் போனது, ஸ்கானில் இதயத் துடிப்புக் கண்டார்களா, குருதிக்கட்டி வந்ததுண்டா என்பதைத் திகதியோடு ஒரு கொப்பியில் எழுதி வைத்திருங்கள். கொழும்பில் டி சொய்சா, காசல் வீதி மகளிர் மருத்துவமனைகளின் கிளினிக்குகளில் காட்டுவதற்குக் காசில்லை, வரிசைதான் நீளம். வரிசையில் கூட நிற்பதற்கு ஆள் வேண்டுமென்றால் எங்களில் ஒருத்தி வருவாள்.

துண்டு எழுதிய தங்கைக்கு: மூன்று பரிசோதனைகளின் பெயர்களையும், இரண்டுக்குமிடையே விடவேண்டிய 12 கிழமைக் கணக்கையும், மருத்துவரிடம் கேட்கவேண்டிய கேள்விகளையும் ஒரு தாளில் தட்டச்சுச் செய்து வைத்திருக்கிறோம். மண்டபத்தின் பின்பக்கம், தேநீர் மேசைக்குப் பக்கத்தில், அதே பிஸ்கற் ரின்னுக்குக் கீழே இருக்கிறது. பெயர் சொல்லத் தேவையில்லை. ஐம்பது பிரதி எடுத்திருக்கிறோம். யார் எடுத்தாலும் நாங்கள் பார்க்கமாட்டோம். ஊசிக்குச் சேர்த்த காசை இரண்டாவது பரிசோதனை முடியும்வரை வங்கியிலேயே விட்டு வையுங்கள்.